சட்டையில் இருந்த செம்பட்டை இழை

என்னங்க,

வஞ்சிரக் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. நான் குருசுக்குப்பத்துக்கு எங்க அண்ணனத் தடுக்கப் போறேன். உங்கள ஒரு கை பாக்க வர்றேன்னு நிக்கிறாரு.

உங்க சட்டையில இருந்த செம்பட்ட முடியாலதான நமக்குச் சண்டையே. "முடி இல்லடி, நான் ரிப்பேர் பண்ற ரெக்கார்டு பிளேயர் ஊசிக்குப் பின்னால சுத்தியிருக்கிற மெல்லிசு காயில் கம்பி. வெள்ளியிலயும் சுத்துவாங்க, இது செம்பு"ன்னீங்க. நான் நம்பல. இன்னைக்கு அத அடுப்புல காட்டினேன். முடி கருகின நாத்தமே இல்ல, செவந்து உருகிடுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மன்னிச்சுடுங்க.

கலைமகள்

கெளம்பறப்ப அழுக்குக் கூடையில உங்க நீலச் சட்டையப் பாத்தேன். காலர்ல அதே நெறத்துல இன்னொன்னு. அதையும் அடுப்புல காட்டினேன். வீடு பூரா முடி கருகின நாத்தம். அண்ணனக் கூட்டிட்டுத்தான் வருவேன். குழம்பத் தொடாதீங்க, அது அவருக்கு.