சக்கரத்தில் ஒட்டிய சேறு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? புது அறையில் ஜன்னல் பெரிசு என்றீர்கள், வெளிச்சம் வருகிறதா என்று சொல்லவில்லை. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேருமே மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறோம். அதனால் இனிமேல் கடிதம்தான்.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். நீங்கள் பிரிந்து போய் ஐந்து மாதமாகியும் உங்கள் பொம்மைப் படை பரண்மேல் மூன்று செருப்புப் பெட்டிகளில் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நீங்களும் நானும் பகடை உருட்டிச் சண்டை போடுவோமே, அதே படைதான். குள்ளர் நாற்பது பேர், பூதங்கள் பதினொன்று, ஒரு பீரங்கி வண்டி. பாதிக்கு மேல் பெயிண்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் அம்மணமாக நிற்கிறார்கள். "யாருக்காவது குடுத்துடு, இடத்தை அடைக்குது" என்றான் அண்ணன். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "எனக்கே குடு" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு குள்ளனுக்கு நானே பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். போர்க்களத்துக்குப் போய் வந்தவன் மாதிரியா இருக்கிறான்? பளபளவென்று, போட்டோ எடுக்க நிற்கிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான். உங்கள் கை பட்டவர்கள் மட்டும் துருவும் சேறும் காயமுமாக எப்படி அத்தனை நிஜமாக இருக்கிறார்கள்? வண்டிப் பட்டறையில் நாள் பூராவும் துருவைச் சுரண்டி எடுப்பது என் பிழைப்பு. இப்போது துருவைப் பூசுவது எப்படி என்று கேட்கிறேன். பட்டறையில் தெரிந்தால் மானம் போய்விடும். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்


மார்ச் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். "பூதங்கள்லாம் சௌக்கியம் சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாடம் கேளுங்கள். நிறமெல்லாம் காய்ந்த பிறகு அடர் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து உடம்பு முழுக்க விடுங்கள். அது தானாகவே மடிப்புகளிலும் பள்ளங்களிலும் போய்த் தங்கும், முகத்துக்கு வயசு வரும். பிறகு ஸ்பாஞ்சைக் கிள்ளி, பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, கவசத்தின் விளிம்புகளில் மட்டும் மெல்லத் தட்டுங்கள். துரு வந்துவிடும். ரத்தத்துக்குச் சிவப்பை மட்டும் பூசினால் ஜாம் கொட்டின மாதிரி இருக்கும், ஒரு சொட்டுப் பழுப்பு சேருங்கள். சேற்றுக்கு டீத்தூளைப் போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் கேட்டேன். ஒரு மாதத்தில் ஒரு வீரனுக்குப் பூஞ்சை பிடித்தது. பசையும் மணல்தூளும் பெயிண்டும் போதும்.

பீரங்கி வண்டியைக் கடைசியில் தொடுங்கள். அது எனக்குச் செல்லம்.

அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கவனித்திருப்பீர்கள்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்றதில் நீங்கள் கெட்டிக்காரர், துருவில் நான்தான் பெரியவள். எல்லா விளிம்பிலும் சமமாகத் துரு பிடிக்காது. பெயிண்ட் அடிபட்ட இடத்தில் ஆரம்பிக்கும், தண்ணீர் தேங்கும் இடத்தில் பெருகும், ஆணித்தலையிலிருந்து கீழே கோடாக ஒழுகும். உங்கள் பூதத் தலைவனுக்குத் தோளில் துரு மேல்நோக்கி ஒழுகியிருக்கிறது. அவன் என்ன தலைகீழாகத் தொங்கித் தூங்குகிறவனா?

இன்னொரு சேதி. போன ஞாயிறு அண்ணன் இங்கே வந்தான். நான் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பீரங்கி வண்டியைக் கையில் எடுத்துவிட்டான், அண்ணி! சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அதில் இருக்கிற சேறு முழுக்க அவன் பூசியது. முடித்துவிட்டு, "அவளுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டான்.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்களே பாருங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 10

நாத்தனாருக்கு,

பார்சல் கிடைத்தது.

முதல் நாள் நம்பினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளியிடம் போய், "நாலு நாள் லீவு கிடைக்குமா சார்?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். "தாராளமா போய்ட்டு வாம்மா" என்றார்.

மறுநாள் கடையில் வேலை குறைவு. வண்டியை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். சக்கரம் வாரி அடித்த சேறு பெட்டியின் அடிவயிற்றில் வளைவாகத் தெறித்திருக்கிறது. மேலே காய்ந்து வெளுத்திருக்கிறது, கீழே இன்னும் ஈரமாகக் கறுத்திருக்கிறது. அச்சில் கிரீஸோடு மண் சேர்ந்து கட்டியாகியிருக்கிறது. அவ்வளவு அழகு. உங்கள் அண்ணன் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறவர். மழையில் வண்டி நின்றால் கீழே இறங்காமல் உள்ளே உட்கார்ந்தபடி உங்களுக்குப் போன் செய்கிறவர். ஒரு வண்டியின் அடிவயிறு எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இது வாழ்நாள் பூராவும் வண்டிக்கு அடியில் படுத்தவள் பூசிய சேறு.

"அவளுக்குப் பிடிக்குமா?" என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவர் கேட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்து லென்ஸ் மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன். நான் எதற்காக ஏங்கினேனோ அதையே பொறுக்கி எடுத்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்துதானே எழுதினீர்கள்?

லீவு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இருபத்தாறு நாள் பொறுத்தேன். இதற்குமேல் என்னால் ஆகாது.

பொய்தான். முழுப் பொய். அண்ணன் என் வீட்டுக்கே வரவில்லை. நான்தான் வண்டியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "நல்லா இருக்கே" என்றான். அடுத்த வார்த்தை, "என் சார்ஜரைப் பாத்தியா?" எனக்கு வந்ததே ஆத்திரம்! "நீ மனுஷனா, மரக்கட்டையா?" என்று கத்தினேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "அவ போனதுல எனக்கு வருத்தமே இல்லைன்னு நினைக்கிறியா? என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்கு எப்பவுமே தெரியல. என்னோட இருந்து அவ வாடித்தான் போனா. அவ போகட்டும்னுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றான். அவன் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. இதை அப்படியே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதாமல், வீட்டுக்கு வந்து பொய்யை எழுதினேன்.

உங்களைச் சேர்த்துவைக்கத்தான் என்று அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் நான் உங்களுக்கு யார், அண்ணி? கடிதத்தின் தலையில் என்ன போட்டு எழுதுவேன்? எனக்கென்று வீட்டில் யார் இருக்கிறார்கள்? பட்டறை உண்டு, நான் உண்டு. வாரத்தில் ஒரு நாள் வயிறு வலிக்கச் சிரிப்பது உங்களோடுதான். அது போய்விடுமே என்ற பயத்தில் உங்கள் மனசை எடுத்துப் பகடையாக உருட்டிவிட்டேன்.

மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

நாத்தனார் (இன்னும் கொஞ்ச நாளைக்கு)


ஜூன் 14

அன்புள்ள உங்களுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. கோர்ட்டுக்கு உள்ளே ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் உங்கள் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தார். கடைசியில், "பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார். "இன்னும் அரை மணி இருக்கு" என்றேன். அந்த அரை மணியும் கூடவே நின்றார். பஸ் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை. நீங்கள் போன கடிதத்தில் எழுதியிருந்தது உதவியது.

தீர்ப்பு நகலைப் பஸ்ஸிலேயே இரண்டு தடவை படித்தேன். நான் அவருக்கு மனைவி இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நாத்தனாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

பொய் சொன்னதற்கு இன்னும் கோபம் மிச்சமிருக்கிறது. அதை எழுதித் தீர்க்க முடியாது, நேரில் திட்ட வேண்டும். ஆனால் ஒன்று. எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த ஒரு மாதமும் யாருடைய கடிதம் வரவில்லை என்று தபால்காரர் முகத்தைப் பார்த்தேன் தெரியுமா? உங்கள் அண்ணனுடையது இல்லை.

நீங்கள் என்னைவிடப் பதினான்கு மாதம் மூத்தவர். அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் உங்களிடம் "வாங்க, போங்க" வாங்கிக்கொண்டேன். அந்தப் பதவி போய்விட்டது. இனிமேல் நீங்கள் எனக்கு அக்கா. நீங்கள் என்னை "நீ" என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பதில் போட மாட்டேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை வரட்டுமா, அக்கா?

தங்கச்சி


ஜூன் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாலு தாள் கிழித்தாயிற்று. ஒவ்வொன்றிலும் "நீங்கள்" என்று கை தானாகப் போய்விடுகிறது. இது ஐந்தாவது. இதிலும் தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பார், வந்துவிட்டது.

வா. வரட்டுமா என்று கேட்டுவிட்டா அக்கா வீட்டுக்கு வருவார்கள்? அன்றைக்குப் பட்டறையில் ஒரு லாரியை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும், நான் வர மூன்று மணி ஆகலாம். சாவிக்காரரிடம் இன்னொரு சாவி செய்யச் சொல்லியிருந்தேன், கடிதத்தோடு இருக்கிறது. பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கதவை உன் பக்கம் இழுத்துக்கொண்டு திருப்பு. மூக்கு உறிஞ்சுவதை எல்லாம் நான் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். கை கால் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் படு.

எதிர்வீட்டுக்காரர், யார் என்று கேட்பார். யாரையும் விட மாட்டார். தங்கச்சி என்று சொல்லு. நான் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா