இசோகுராவில் என்னைக் கண்டுபிடித்தார்கள்

செண்டாய்
டிசம்பர் முதல் வாரம்

அன்பு மகள் சிஹாருவுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். கண், பல், முழங்கால் எல்லாம் அதனதன் வேலையைச் செய்கின்றன, புத்தியும் செய்கிறது. இதை முதலிலேயே எழுத வேண்டிய நிலைமைக்கு உன் அண்ணன் என்னைக் கொண்டுவந்து விட்டான். நீயும் மருமகன் துவார்த்தேயும் குழந்தை இனேஸும் லிஸ்பனில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே மலைப்பக்கம் பனி விழுந்துவிட்டது. ஊறுகாய்க்கு முள்ளங்கியைக் கட்டிக் கூரையடியில் தொங்கவிட்டிருக்கிறேன், இந்த வருடம் கொஞ்சம் மெலிவுதான். தேவாலயத்தில் புதிதாக வந்த பாதிரியார் வாக்கியத்தை முடிக்காமலே அடுத்ததற்குப் போகிறார், இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இனேஸ் அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறுகின்றன, நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதவை.

சோஜி உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பான், அம்மா தனியாக ஏதோ கடலோர ஊருக்குப் போய்த் தொலைந்துபோனாள், காவலர்கள் பிடித்தார்கள், மைக்கைப் பிடுங்கி ஊரையே கலக்கினாள் என்று. நீயும் போன ஞாயிறு பேசும்போது, அம்மா இன்று என்ன கிழமை என்று குழந்தையைக் கேட்பதுபோல் கேட்டாய். அந்த முதியோர் இல்லத்தின் படங்களும் மறுநாளே வந்து சேர்ந்தன. நான் கோபப்படவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும், அதன் பிறகு உனக்குத் தோன்றுவதை நினைத்துக்கொள்.

இசோகுரா மேற்குக் கரையில் இருக்கிற ஊர். உன் அப்பாவும் நானும் அந்த வழியாக எத்தனையோ தடவை ரயிலில் போயிருக்கிறோம், ஒருதடவையும் இறங்கியதில்லை. ஒரு வளைவு, கொஞ்சம் கறுத்த கூரைகள், ஒரு அலைதடுப்புச் சுவர், அவ்வளவுதான் சன்னலில் தெரியும். இந்த நவம்பரில் நான் இறங்கினேன். ஏன் என்று சோஜி கேட்டான், பார்க்கலாமென்றுதான் என்றேன், அது அவனுக்குப் போதவில்லை. சரிவில் இருக்கிற ஒரே விடுதியில் தங்கினேன். குளியல் நீர் நல்ல சூடு, மீன் குழம்பில் சர்க்கரை சற்றுத் தூக்கல், மற்றபடி குறை சொல்ல முடியாது. மறுநாள் விடுதிக்காரம்மா பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனாள். நான் கைப்பையை அறையில் வைத்துவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன்.

தெருவில் ஒரு ஆளில்லை. மீன் வருகிற வாரம் என்பதால் எல்லாரும் படகுத்துறையில் இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்தச் சத்தமும் கேட்கவில்லை, காற்று அந்தப் பக்கமாக அடித்தது. வீடுகளின் சன்னல்கள் உப்புப் படிந்து வெளுத்திருந்தன. அப்போதுதான் ஊருக்குச் செய்தி சொல்கிற கம்பத்து ஒலிபெருக்கி பேசியது. அந்த ஒலிபெருக்கிகள் எப்படிப் பேசும் என்று உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு சொற்றொடராக இழுத்து நிறுத்தி, மலை அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து, பிறகு அடுத்தது. வயதான ஒரு பெண்மணியைக் காணவில்லை. எழுபத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு. சாம்பல் நிறக் கோட்டு. கருநீலத் தொப்பி. கையில் குடை. நான் நின்று என் கோட்டைப் பார்த்தேன். தொப்பியைத் தொட்டுப் பார்த்தேன். மலை இரண்டாவது தடவையாக, கருநீலத் தொப்பி, என்றது.

விடுவிடுவென்று விடுதிக்குத் திரும்பிவிடலாமென்று நடந்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று, வேகமாகப் போகிற கிழவியை யாரும் சும்மா விடமாட்டார்கள். மீன் அறுக்கிற ரப்பர் ஏப்ரனோடு ஒருத்தி எதிரே வந்தாள், நொபுயோ என்று பிற்பாடு தெரிந்தது. "சுனேயோக்கா, அடி அக்கா, இங்கதான் இருக்கியா," என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ் மாதிரி இருந்தது, மீன் வாடை. நான் சுனேயோ இல்லை, செண்டாயிலிருந்து வந்திருக்கிறேன், சரிவு விடுதியில் தங்கியிருக்கிறேன் என்று நிதானமாகச் சொன்னேன். "ஆமாமா, விடுதியிலதான். முப்பது வருசம் அங்க பாத்திரம் தேச்ச கை இல்லயா, வேற எங்க போவ நீ," என்று சிரித்தாள். அதற்குள் காவலர் சைக்கிளில் வந்துவிட்டார், நரைத்த மீசைக்காரர், மரியாதையானவர். அவரிடமும் சொன்னேன். என் கணவர் காலமாகிவிட்டார், இங்கே எனக்கு யாருமில்லை என்றேன். அவர் நொபுயோவைப் பார்த்தார். நொபுயோ, "தன் புருசன் மூஞ்சிக்கு நேராவே அக்கா இதைத்தான் சொல்றாங்க, நீ செத்துட்டன்னு. அவரும் ஆமாம்மா செத்துட்டேன், சாப்பிடுன்னு சொல்றாரு," என்றாள். நான் எதைச் சொன்னாலும் அது அந்தச் சுனேயோ ஏற்கெனவே சொன்னதாக இருந்தது. குரலை உயர்த்தினேன், உடனே இருவரும் இன்னும் அன்பாகிவிட்டார்கள். அந்த அன்பைப்போல என்னைப் பயமுறுத்தியது வேறு எதுவுமில்லை.

அந்தச் சுனேயோவின் கணவன் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் கூடப் போனேன். அலைதடுப்புச் சுவரை ஒட்டி வீடு. யசுஹே என்ற பெரியவர் வாசலுக்கு வந்தார், எண்பது இருக்கும், ரப்பர் பூட்ஸில் ஈரமணல், காலையிலிருந்து தேடியிருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்த்தார், சிஹாரு. ஒரு நொடி, ஆனால் நன்றாகப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, இவதான். எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டா," என்றார். பக்கத்தில் வந்து நின்று, என் முதுகில் கையை வைத்து மெல்ல அழுத்தி, தானும் குனிந்து என்னையும் குனியவைத்தார். நானும் குனிந்தேன். மன்னிப்புக் கேட்டு யாராவது பக்கத்தில் குனிந்தால் கூடவே குனிகிற உடம்பு இது, யோசித்துச் செய்யவில்லை. அந்த வணக்கத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. அவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி, தேடப்பட்ட பெண்மணி நலமாகக் கிடைத்துவிட்டார், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி, என்றது. மலையும் நன்றி சொன்னது.

கதவைச் சாத்தியதும் அவர் தரையில் மண்டியிட்டு நெற்றி பாயில் படக் கும்பிட்டார். "தெரியுங்க. நீங்க அவ இல்ல. மன்னிச்சிடுங்க. இந்த மாசம் அவ காணாமப் போறது எத்தனாவது தடவையோ. போன தடவை ஊர்க்காரங்க தேடறதுக்காக வலையைக் கடல்லயே விட்டுட்டுப் படகைத் திருப்பிக்கிட்டு வந்தாங்க. மீன் வர்றதே இந்த ஒரு வாரந்தான். அவங்க உங்களைக் கூட்டிட்டு வந்து நிக்கிறாங்க, எல்லார் மூஞ்சியிலயும் அப்பாடான்னு இருக்கு. இல்லைங்க, இது இல்ல, இன்னும் தேடுங்கன்னு எந்த வாயால சொல்றது." தானே போய்த் தேடிக் கூட்டிவந்துவிடுவதாகச் சொன்னார். விளக்கைப் போட்டு நான் உட்கார்ந்திருந்தால் போதும், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தால் ஒரு ஆள் தெரிய வேண்டும். நான் பதில் சொல்லும் முன்பே டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போய்விட்டார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அவளுடைய மெத்தையில் உட்கார்ந்தேன். அலமாரி மேல் ஒரு படம், விடுதி வாசலில் ஏப்ரனோடு ஒரு பெண், வட்ட முகம், மோவாயில் மச்சம், அந்த வாசலோடு ஒப்பிட்டால் என்னைவிட ஒரு தலை உயரம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு கோட்டும் ஒரு தொப்பியும் வயதும்தான். குளிரெடுத்தது, தேநீர் போடலாமென்று கையை நீட்டினேன். தேயிலை டப்பா கையில் வந்தது. நான் தேடவில்லை, பார்க்கக்கூட இல்லை. எல்லா வீட்டிலும் டப்பா அங்கேதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது நொபுயோ ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மீனோடு உள்ளே வந்தாள். "எங்கக்கா போன, கடலுக்குள்ள ரெண்டாவது மாப்பிள்ள பாக்கவா," என்று கேட்டபடி முன்னால் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தை நேராகப் பார்த்தாள். இப்போது கூவப் போகிறாள் என்று காத்திருந்தேன். "இன்னிக்கு மூஞ்சி தெளிவா இருக்கு, நல்லாத் தூங்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மீன் சூடாக இருந்தது. நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன் என்று தோன்றியது, இதை உன் அண்ணனிடம் சொல்லாதே. எழுந்துபோய்க் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். நான்தான் இருந்தேன். என் பெயரை, உன் அப்பா பெயரை, உங்கள் இருவர் பெயரையும் வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் படத்துப் பெண்ணுக்கும் இப்போது எங்கோ குளிருகிறது, அவளைத் தேட ஊரில் ஒரு கிழவரைத் தவிர ஆளில்லை, காரணம் நான் இங்கே விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன். இதை எனக்குச் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை.

எழுந்து வெளியே வந்தேன், மீனவர் சங்க அலுவலகத்தில் வெளிச்சம் இருந்தது. ஆட்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சூடாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். காவலர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "சுனேயோம்மா, மறுபடியுமா," என்றார். ஒருவன், "பூட்டு வாங்கிக் குடுங்கப்பா யசுஹேவுக்கு," என்றான், எல்லாரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை. ஊர் ஒலிபெருக்கியின் மைக் மேசையில் இருந்தது. இதற்கு மேல் விளக்கம் சொன்னால் மறுபடி அன்பாகிவிடுவார்கள் என்று தெரிந்ததால், நேராகப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மடத்துப் பள்ளியில் கடைசி பெஞ்சில் இருக்கிறவள் காதிலும் விழும்படி வேதாகமம் வாசிக்க எங்களைப் பழக்கினார்கள், அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. என் பெயர் ஹிசாகோ ஒனோதெரா. நான் வெளியூர்க்காரி. நீங்கள் தேடிய பெண்மணி கிடைக்கவில்லை. அவர் இன்னும் வெளியே இருக்கிறார். தயவுசெய்து தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மலையின் பதில் வரும்வரை நிறுத்திச் சொன்னேன். தேடுங்கள் என்று மலை சொன்னபோது அது என் குரல் மாதிரி இல்லை. அடுப்பருகே இருந்த ஒருவன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் தொப்பியைக் கழற்றி, முகத்தைப் பார்த்தான். "யாருய்யா இது," என்றான். பிறகு எல்லாரும் பூட்ஸுக்குப் பாய்ந்தார்கள்.

கடற்பாசி உலர்த்தும் கொட்டகையில், பழைய வலைகளுக்கு அடியில் கிடைத்தாள். உயிரோடுதான் இருந்தாள், முழங்கால்வரை நனைந்து, உதடு நீலமாக. போர்வை சுற்றித் தூக்கிவந்தபோது நான் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். என்னைக் கடக்கும்போது அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "உங்களை இதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்லையே. வெளியூரா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஊரில் அன்றைக்கு நான் யாரில்லை என்று பார்த்தவுடனே சொன்னவள் அவள் ஒருத்திதான். யசுஹே பின்னால் வந்தார். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்தார், காவலருக்கு, நொபுயோவுக்கு, அடுப்பைக் கவனிக்கிறவனுக்குக்கூட. எனக்குக் குனியவில்லை, என் பக்கம் திரும்பவில்லை. நான் செய்தது சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊரின் முன்னால் அவர் பொய்யரானது என் குரலால்தான், அதுவும் உண்மை. மறுநாள் காலை நான் ரயிலேறியபோது தெருவில் எல்லாரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள், ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.

இதுதான் நடந்தது. அந்த இல்லத்தைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். இப்போது நான் அங்கே போகமாட்டேன். பிறகு எப்போதாவது வேண்டியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை, மறுக்கிற தைரியத்தை இசோகுராவில் விட்டுவிட்டு வந்தேன். துவார்த்தேயிடம் என் அன்பைச் சொல். இனேஸுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், ஈரமான காலுறையோடு அவளை வீட்டில் நடக்கவிடாதே. நீ நின்றுகொண்டு சாப்பிடாதே. கடவுள் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உங்களோடு இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது அம்மாவைக் காணவில்லை என்று உனக்குச் செய்தி வந்து, பிறகு கிடைத்துவிட்டாள் என்றும் வந்தால், நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிடாதே. சோஜி பார்த்துவிட்டான் என்று சொன்னாலும் வைக்காதே, அவன் மரியாதை தெரிந்த பையன், தொந்தரவு கொடுக்கக் கூசுகிறவன். விமானம் ஏறி வா. அவர்கள் உட்காரவைத்திருக்கிற கிழவியின் தொப்பியைக் கழற்று. முகத்தைப் பார். நான் இல்லையென்றால், எத்தனை பேர் எதிரே குனிந்து நின்றாலும், இல்லை என்று சொல்.

உன் அம்மா,
ஹிசாகோ ஒனோதெரா