விட்டுவிட்டுப் போன சீடிகள்

அக்கா, இன்று யூலை முதலாம் திகதி. மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாள். கணவரின் நண்பர் ஒருவருக்குச் சாமான் ஏற்றிக்கொடுக்கப் போயிருந்தோம். நடைபாதை ஓரத்தில் கால் உடைந்த மேசை, நனைந்த மெத்தை, அதன்மேல் பெட்டி நிறையச் சீடிகள். என் கை தன்பாட்டில் பெட்டிக்குள் போய்விட்டது. "என்னப்பா, ரோட்டில நிண்டு குப்பை கிண்டுறீர்?" என்று கணவர் கேட்டார். அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவேன்? இப்படிக் கிண்டியதற்காக உங்களை ஓட்டோ ஓட்டென்று ஓட்டியவளே நான்தானே.

தொண்ணூறுகளில் மட்டக்களப்பிலிருந்து வந்த புதிதில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு மாணவர் விடுதியில் நீங்கள் துப்புரவு வேலை செய்தீர்கள். படிப்பு முடிந்து அறையைக் காலிசெய்கிறபோது, உலகமே கொண்டாடுகிற ரொக் சீடிகளைப் பிள்ளைகள் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். எவருக்கும் வேண்டாதவை கட்டிலுக்கடியில் தூசி பிடித்துக் கிடக்கும். உங்கள் ரசனை அங்கேதான் வளர்ந்தது. "நல்லதெல்லாம் அவனுகள் கொண்டு போயிட்டானுகள் புள்ள. மிச்சம் கிடந்தத நான் கேட்டன். கேட்டுக் கேட்டு அதுவே நல்லதாப் போயிற்று."

பிறகு நாம் இருவரும் டோர்வல் விமானநிலையத்தருகே, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையல்கூடத்தில் வேலை செய்தோம். நாம் குடியிருந்த டொலார்ட்டிலிருந்து உங்கள் காரில்தான் எனக்குப் பயணம். உங்கள் காரில் ஒரு சட்டம் இருந்தது. போட்ட சீடி முதலிலிருந்து கடைசிவரை ஓடவேண்டும், பிடிக்காத பாட்டைத் தாண்டக்கூடாது. நான் வானொலியில் கேட்டு வளர்ந்தவள், எனக்குப் பெயர்பெற்றவைதான் பிடிக்கும். ஒருநாள், ஊரெல்லாம் உருகிய ஒரு சீடியைக் கொண்டுவந்து உங்களுக்குப் போட்டுக்காட்டினேன். முழுக்கக் கேட்டீர்கள். "நல்லாத்தான் இரிக்கு. இதுக்கு ஆக்கள் இரிக்காங்க. நான் என்னத்துக்கு?" என்றீர்கள். 

நீங்கள் உயிராய் நினைத்த சீடி சாம்பல் நிற அட்டை போட்டது. மூன்றே பேர் கொண்ட குழு. முதல் தொகுப்பில் ஒரு பாட்டு ஓகோவென்று ஓடியதால் பெயர் எடுத்தவர்கள். இந்த இரண்டாவதை ஒருவரும் சீண்டவில்லை. பாடுபவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, தாளக்காரன் அரை நித்திரையில் அடிக்கிறான் என்று நான் நக்கலடிப்பேன். கடைசிப் பாட்டு மட்டும் மெதுவானது, கிற்றார் ஒன்றுதான். அது முடிந்ததும் நிமிடக்கணக்கில் ஒரு சத்தமும் வராது. முதல்தடவை நான் நிறுத்தப் போனேன்.

"பொறு புள்ள, இன்னும் முடியல்ல."

"முடிஞ்சுது அக்கா. வேலைக்கு நேரம் போகுது, இறங்குங்கோ."

நீங்கள் அசையவில்லை. திடீரென்று, அட்டையில் பெயரே இல்லாத ஒரு பாட்டு. மூன்று பேரும் சேர்ந்து காரே அதிரும்படி அடித்தார்கள். அந்தக் காலத்துக் குழுக்கள் பலவற்றுக்கு இந்தக் குறும்பு இருந்ததாம். அன்று வேலைக்குப் பிந்திப்போய் இருவரும் பேச்சு வாங்கினோம்.

வருத்தம் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். "என்னப் பெட்டியில பார்வைக்கு வெச்சிரிக்கக்குள்ள அந்தச் சீடியில கடைசிப் பாட்டப் போடு. செய்வியா?" ஓம் என்றுவிட்டேன். சொன்னபிறகுதான் பயம் பிடித்தது. உங்கள் கணவர் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர். வீட்டில் நீங்கள் எதைப் போட்டாலும் வந்து சத்தத்தைக் குறைப்பவர். நானோ யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, காரில் கூட வந்தவள், அவ்வளவுதான். கேட்காமல் விட்டால் உங்கள் ஆசை உங்களோடு போய்விடும். உங்களைப் பார்வைக்கு வைத்த நாளன்று, மண்டப வாசலில் வைத்துக் கேட்டேவிட்டேன். அவர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பாட்டுத்தான். மெதுவானதெண்டாப் போடுங்க."

போட்டேன். கிற்றார் மெல்ல ஒலித்தது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில், அழுகையில், எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. பாட்டு முடிந்தது. பாதிரியார் முன்னே வந்தார், சனம் எழுந்து நின்றது, அவர் செபத்தைத் தொடங்கினார். அப்போது பெயரில்லாத அந்தப் பாட்டோடு மூன்று பேரும் மண்டபத்துக்குள் வந்து இறங்கினார்கள். பாதிரியாரின் குரல் அடிபட்டுப்போனது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த உங்கள் மாமி நெஞ்சில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். நான் நிறுத்த விழுந்தடித்து ஓடினேன். உங்கள் கணவர் என் கையைத் தடுத்தார்.

"உடு தங்கச்சி. ஓடி முடியட்டும்."

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோள் குலுங்கியது. கிட்டப் போனபோதுதான் கண்டேன், மனிதர் சிரிக்கிறார். "இவ வேணுமெண்டுதான் செஞ்சிரிக்கா," என்றார். செய்தீர்கள்தானே அக்கா?

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, இரண்டு பைகளில் உங்கள் சீடிகளோடு என் வீட்டு வாசலில் நின்றார். "இத்தின வருசமும் சத்தத்தக் குறைச்சுக் குறைச்சே இருந்துட்டன் தங்கச்சி. அவ என்னத்தக் கேட்டா எண்டே எனக்குத் தெரியா. எதில தொடங்குற?" காதுக்கு இதமான ஒன்றைக் கொடுத்திருக்கலாம். நான் சாம்பல் அட்டையைத்தான் எடுத்தேன்.

இப்போது ஞாயிறுகளில் வருகிறார். என் காருக்குள் இருந்து கேட்கிறோம். பாதிக்குமேல் அவருக்குப் பிடிப்பதில்லை. "இதில என்ன இரிக்கு?" என்று வெளிப்படையாகவே கேட்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தாளம் ஏன் அப்படிப் பிந்தி விழுகிறது, அந்தக் குரல் ஏன் அப்படி அடைத்துக்கிடக்கிறது என்று அவரோடு மல்லுக்கட்டுகிறேன். எனக்கு அந்தச் சீடி இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. உங்களிடம் பொய் சொல்லி என்ன? ஆனால் யாராவது அதைக் குறைசொன்னால் பொறுக்க முடியவில்லை அக்கா. உங்களைச் சொன்னமாதிரி இருக்கிறது.