மீன் எண்ணெய் பூசிய படகு

அக். 4, சனி
காலையிலிருந்து தூறல். தார்ப்பாய்க்குக் கீழே வேலை. பழைய பாய்மரப் படகின் அடியில் மக்கிப்போன பிளைவுட், இரண்டு சாண். அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வைத்தேன். முதலில் உள்ளே, பிறகு கவிழ்த்துப் போட்டு வெளியே, ஃபைபர் துணியும் ரெசின் பசையும். நிதானமாகப் பூச வேண்டி, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் குறைவாகத்தான் விட்டேன்.
வாங்க: உப்புத்தாள், பித்தளை ஸ்க்ரூ, இரண்டு பிரஷ்.
லாசர் வந்தான். பள்ளியில் ஒரே பெஞ்சு. கடல் தொழில். பாய் கட்டத் தெரிந்தவன் அவன்தான். எனக்கு மின்சார ஆபீஸில் ஒயர் பார்த்த பழக்கம் மட்டும். இந்தப் படகை வாங்கியதே அவனோடு போகத்தான். "எலே, கிறிஸ்மசுக்கு முன்ன எறக்கிரலாம், கேட்டியா."

அக். 5, ஞாயிறு
வீட்டுக்காரி கோமதியோடு பாலராமபுரம். அக்கா மகள் கல்யாணத்துக்குச் சேலை. ஐந்து கடை, கால் வலி.
திரும்பினால் முற்றமெல்லாம் மீன் நாற்றம். ஊர்ப் பூனைகள் அத்தனையும் ஆஜர். லாசர் பூசை முடிந்து வந்து, படகின் அடி முழுக்க மீன் எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறான். முகமெல்லாம் சிரிப்பு. "வள்ளத்துக்கு நாங்க இதாக்கும் பூசுவோம். மரம் தண்ணி குடிக்காது மக்கா."
ஒட்டுப் போட்ட இடத்தைத் தொட்டேன். பிசுபிசு. எண்ணெய்தான் கெடுத்துவிட்டது என்று கத்தினேன், அடுத்த வீட்டுக்காரர்கள் பார்க்க. "ஒனக்க கடப்புறத்து புத்திய எனக்க முற்றத்துல காட்டாத."
தோளில் கிடந்த துவர்த்தில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். கோமதி: "அந்த அண்ணன் சாயா கூட குடிக்கல்ல."

அக். 8, புதன்
படகை நிமிர்த்தினேன். உள்பக்கம் போட்ட ஒட்டும் பிசுபிசு. அங்கே எண்ணெய் படவே இல்லை. டின்னில் போட்டிருப்பதைக் கண்ணாடி வைத்து இன்றுதான் படித்தேன். ஹார்ட்னர் போதாது. தப்பு முழுக்க என்னுடையது. கடற்கரைக்காரர்களைக் கீழாகச் சொல்லும் அந்த வார்த்தை எனக்குள் எங்கே கிடந்தது? வெட்கமாக இருக்கிறது.
லாசருக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

அக். 12, ஞாயிறு
சுரண்டி, துடைத்து, அளவு பார்த்து மறுபடி பூசினேன். கல்லாக இறுகியது. சந்தோஷம் வரவில்லை. யாரிடம் காட்ட?

அக். 18, சனி
அவன் வீட்டுக்குப் போனேன். ரெசின் என் பிழை, அந்த வார்த்தை அதைவிடப் பெரிய பிழை என்றேன். அவன் மனைவியும் கேட்கத்தான் சொன்னேன். "அது சாரமில்ல, விடுங்க" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நாற்பது வருடத்தில் எனக்கென்று துடைத்ததில்லை. நாளை பாய் கட்ட வருகிறானாம்.

அக். 19, ஞாயிறு
வெயில். நல்ல காற்று. படகை வேனில் ஏற்றி, ஆறு கடலில் சேரும் பொழிக்குக் கொண்டுபோனோம். பத்தே நிமிடத்தில் பாய் கட்டிவிட்டான். இறக்கிப் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏறு என்றேன். கையைப் பிடித்தும் கூப்பிட்டேன்.
"இல்ல சாரே. நீங்க ஏறுங்க. நான் கரையில நிக்கேன்."
ஏறி உட்கார்ந்தேன். பாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லித் தரவில்லை.