இளஞ்சிவப்புப் பிடி போட்ட ரிவால்வரைப் பற்றி

கேடோ ஸ்பிரிங்ஸ், ஒக்லஹோமா
மார்ச் 2, ஞாயிறு

அன்புள்ள டெலைனிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஹாப்புக்கு மட்டும் பின்னங்காலில் ஒரு வீக்கம், நாய் வைத்தியம் படித்த நீ இங்கே இருந்திருந்தால் தொட்டுப் பார்த்தே சொல்லியிருப்பாய். அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் முறை, ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அப்படி எழுத எனக்கு வராது. செவ்வாய்க்கிழமை பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டாய். மூன்று முறை திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போனில் உன்னைப் பேசவே விடுவதில்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னாயாம். சரி, இது காகிதம், நான் குறுக்கே பேசுகிற பிரச்சினை இல்லை, முழுவதையும் படி.

முதலில் அந்த ரிவால்வர். நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ப்ராடியோடு ஒன்றரை வருடம் இருந்தாய், பிரிந்தாய், அவன் உன் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் தற்காலிகமாக உத்தரவு போட்ட பிறகும் இரண்டு தடவை நீ வேலை பார்க்கிற கிளினிக் வாசலில் வந்து நின்றான், பயந்துபோய்க் கடைக்குப் போனாய், அதுவரை சரி. ஆனால் போகும் முன் எனக்கு ஒரு போன் போட உனக்குத் தோன்றவில்லை. அந்தக் கவுன்ட்டர்க்காரன் உன் உயரத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கண்ணாடிக்கு அடியிலிருந்து இதை எடுத்து, பொண்ணுங்களுக்கு இதுதாம்மா லாயக்கு, கைப்பைல போட்டா இருக்கறதே தெரியாது என்றானாம். அவனை ஒரு நாள் முழுக்க அதை வைத்துச் சுடச் சொல்ல வேண்டும். தோட்டா அதேதான், அது பின்னால் தள்ளுகிற தள்ளும் அதேதான், துப்பாக்கியின் எடை பாதியானால் உன் கையில் வந்து மோதும் சக்தி இரண்டு மடங்கு. இதைச் சொல்ல எஞ்சினியர் ஆக வேண்டியதில்லை, பம்ப் கம்பெனியில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிற உன் அப்பனே போதும். அது மொத்தமே ஒரு பவுண்டு எடை, அதன் விசையை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும், நீ இழுத்து முடிப்பதற்குள் குழல் முனை தரையைப் பார்க்கும். உள்ளே இருப்பது ஐந்து குண்டு. குறி பார்க்க முனையில் ஒரு அரிசி அளவு மேடு. நீயே சொன்னாய், ஐந்து தடவை சுட்டேன், மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது, டிராயரில் வைத்துவிட்டேன் என்று. டிராயரில் கிடக்கிற துப்பாக்கி உனக்குக் காவல் இல்லை, முதலில் எவன் அந்த டிராயரைத் திறக்கிறானோ அவனுக்குத்தான் அது. இதற்கு மேல் இளஞ்சிவப்புப் பிடி வேறு. அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிறு சாப்பாட்டுக்கு உன் மாமன் டுவைட் வந்திருந்தான். இந்த விஷயத்தை அவன் காதில் போட்டது என் தப்பு. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால் ஒவ்வொருத்தனும் தன் இடுப்பில் இருப்பதைத்தான் சொல்வான், வேறு ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். டுவைட் இறைச்சியை வெட்டிக்கொண்டே, மாப்ளே, நாப்பத்தஞ்சு காலிபருக்குக் கீழ இருக்கறது எதுவும் துப்பாக்கியே கெடயாது, அதெல்லாம் பேப்பர் குத்தற ஸ்டேப்ளரு, என்னோடதுல ஒண்ண அவளுக்கு அனுப்பிடறேன் என்றான். எப்படி அனுப்புவாய் என்று கேட்டேன். மாட்டுக்கறி வத்தல் டப்பாக்குள்ள வச்சுத் தபால்ல போட்டா எவன் பாக்கப் போறான் என்கிறான். ஐம்பத்திரண்டு வயது ஆள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் துப்பாக்கி கொடுப்பதென்றால் வாங்குகிறவர் ஊரில் உரிமம் உள்ள கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும், நீ சொல்கிற மாதிரி செய்தால் நீ உள்ளே போவாய் என்றேன். அதுக்கு அவன், சட்டப் புத்தகம் மாதிரி பேசாத மாப்ளே, அந்த சாஸைத் தள்ளு என்றான். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் ஒரு கவுன்ட்டர்க்காரன் பேச்சைக் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லைதான்.

ஆகவே நானே முறையாகச் செய்தேன். உன் கையும் அம்மா கையும் ஒரே அளவு, ஒரே கையுறையைத்தான் இரண்டு பேரும் போடுவீர்கள், அதனால் நேற்று சனிக்கிழமை அவளை ரோவீனாவின் சுடுகளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரோவீனா இருபது வருடம் ஷெரிஃப் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே எல்லா வகையும் வாடகைக்குக் கிடைக்கும். பதினோரு பிஸ்டல், எடை, பிடியின் சுற்றளவு, விரலுக்கும் விசைக்கும் உள்ள தூரம், விசையின் இழுப்பு, எல்லாம் அட்டவணை போட்டு எடுத்துப் போனேன். அம்மா முதல் மூன்று சுட்டாள், நான் பின்னால் நின்று முழங்கையைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கோல்பி, சுடறது நானா நீயா, நானா இருந்தா நீ அந்த மஞ்சக் கோட்டுக்குப் பின்னால போய் நில்லு என்றாள். ரோவீனா அந்தக் கோட்டை எனக்குக் காலால் காட்டினார். போய் நின்றேன். நான் வாயை மூடிய பிறகு அவள் நன்றாகத்தான் சுட்டாள், அதை மறுக்கவில்லை. ஏழாவதாக எடுத்தது சரியாக உட்கார்ந்தது. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா, நடு அளவு, ஏறக்குறைய இரண்டு பவுண்டு, பதினைந்து குண்டு, ஏழு கஜத்தில் பத்துக்கு எட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். அதன் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அங்கே டக்சனில் எந்தக் கடையிலும் இருக்கும். அந்த ரிவால்வரைக் கொடுத்து மாற்றிக்கொள். குழலுக்கு மேலே பின்னுக்கு நகர்கிற அந்த ஸ்லைடை இழுக்கப் பலம் போதாது என்று எவனாவது சொன்னால் நம்பாதே, இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும், அம்மாவுக்கு இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது.

கைப்பையில் வைக்கவே வைக்காதே. பையைப் பிடுங்குவான், பையை நீ நாற்காலியில் மறந்து வைப்பாய், தேடி எடுக்கிற நேரத்தில் அவன் பக்கத்தில் வந்துவிடுவான். இடுப்பில், விசையை முழுதாக மூடுகிற கெட்டியான உறையில், நல்ல தடித்த பெல்ட்டோடு. துணி உறை வேண்டாம். வீட்டில் இருக்கும்போது கட்டில் காலோடு பூட்டிவைக்கிற சின்ன இரும்புப் பெட்டி, எண் அழுத்தினால் திறக்கிற மாதிரி. இன்னொன்று, உன் படுக்கைக்கு எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் திருமதி ஒகாம்போ படுத்திருக்கிறார், அந்தச் சுவர் வெறும் இரண்டு அட்டைப் பலகை, எந்தக் குண்டும் அதில் நிற்காது. எந்தப் பக்கம் சுடவே கூடாது என்பதை வெளிச்சத்தில் நின்று இப்போதே முடிவு செய்துகொள். வாரம் ஒரு நாள் போய்ப் பழகு. நூறு தோட்டா சுடும்வரை அது உன்னுடையது என்று நினைக்காதே.

இத்தோடு முடித்திருப்பேன். ரோவீனா விடவில்லை. நான் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பொண்ணு அந்தப் பயலை அடுத்தாப்ல எங்க வச்சுப் பாக்கப் போகுது என்று கேட்டார். பதினாலாம் தேதி கோர்ட்டில், உத்தரவை நிரந்தரம் ஆக்குவதா என்று அன்றுதான் விசாரணை என்றேன். சரி, அப்போ கோர்ட்டுக்கு இதுல எதைக் கட்டிட்டுப் போகப்போகுது என்றார். கோர்ட் வாசலில் மெட்டல் டிடெக்டர் இருக்கும், பேனாக்கத்திகூட உள்ளே போகாது, அது எனக்குத் தெரியாததா. என் அட்டவணையில் பதினோரு வரிசை இருந்தது, அதற்கு ஒரு வரிசை இல்லை. அப்போது அம்மா காதில் மாட்டியிருந்த சத்தத் தடுப்பானைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், அவ உங்கிட்ட துப்பாக்கி கேக்கவே இல்ல கோல்பி. பதினாலாம் தேதி ப்ராடி அவன் அண்ணனுங்களோட வந்து உக்காருவான், இந்தப் பக்கம் நான் மட்டும்தான்னு செவ்வாக்கெழமை சொன்னா. நீ என்ன கேட்ட, அதுல எத்தனை குண்டு போகும்னு கேட்ட. அதுக்குத்தான் அவ போன வச்சிட்டா.

எனக்குக் கோபம் வந்தது. வரவேண்டும் என்றால் வா என்று சொல்லியிருக்கலாமே, என்னைக் கூப்பிட என்ன தயக்கம் என்றேன். அம்மா சத்தம் போடவில்லை. எப்படிக் கூப்பிடுவா, வாசல்ல ஒரு போர்டு இருந்தா நீ உள்ளயே வரமாட்டியே என்றாள். உன் பட்டமளிப்பு அன்று நடந்ததைத்தான் சொல்கிறாள். அன்றைக்கு மண்டப வாசலில் ஆயுதம் கூடாது என்று எழுதியிருந்தது, அதற்கு முந்தின மாதம்தான் நம் தெருவில் ஒருவனுடைய டிரக் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த துப்பாக்கியை எடுத்துப் போயிருந்தார்கள், வண்டியில் துப்பாக்கியை விட்டுப் போகிறவன் திருடனுக்குத் துப்பாக்கி கொடுக்கிறவன், அது என் விதி, அதனால் இடுப்பில் இருந்ததோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். விதி சரியான விதிதான், இப்போதும் சொல்கிறேன். வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாமே கோல்பி என்றாள் அம்மா, ரோவீனா எதிரில், கவுன்ட்டர் ஓரம் நின்றுகொண்டு. நீ மூன்றாவது வரிசையில் என் நாற்காலியில் உன் கோட்டைப் போட்டு வைத்திருந்தாய், ஒருவர் வந்து கேட்டதற்கு அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னாய் என்பதெல்லாம் நேற்றுத்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.

உனக்குப் பத்து வயதில் சமையலறைக் கதவை உடைத்து ஒருவன் உள்ளே வந்தானே, நீயும் அம்மாவும் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்தீர்களே, அன்று நான் வேலையில் இருந்தேன். அவன் ஒன்றையும் எடுக்கவில்லை, தானாகவே போய்விட்டான். அடுத்த நாளிலிருந்து இடுப்பில் பிஸ்டல் இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை, பதினோரு வருடம். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நான் எங்கே போனாலும் அது இருந்தது, அது போக முடியாத இடத்துக்கு நானும் போகவில்லை, அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. இன்று காலை சபைக்கு அதில்லாமல் போனேன். பெல்ட்டை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. பாட்டு முடியும்வரை யார் கதவைத் திறந்தாலும் திரும்பிப் பார்த்தேன். டுவைட் என்ன மாப்ளே கழுத்துல சுளுக்கா என்று கேட்டான், ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டேன், போர்மன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், வைத்துக்கொள்ளட்டும். புதன்கிழமை பன்னிரண்டாம் தேதி கிளம்பி வியாழன் மாலைக்குள் டக்சன் வந்துவிடுவேன். பள்ளிக்கூடச் சமையலறையில் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஹாப்பை அவள் பார்த்துக்கொள்வாள். பிஸ்டல் இங்கே இரும்புப் பெட்டியில் இருக்கும், வண்டியில் இல்லை, அந்த விதியை நான் மாற்றப் போவதில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். வா என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், நீ கடைக்குப் போய் ஒரு பவுண்டு இரும்பை வாங்கினாய். இது யாருடைய குணம் என்று கேட்பது போல அம்மா என்னைப் பார்த்தாள், நான் அந்தப் பேச்சுக்குப் போகவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. ப்ராடி வந்து நின்ற இரண்டு நாளின் தேதி, நேரம், கூட இருந்து பார்த்தவர் பெயர் மூன்றையும் காகிதத்தில் எழுதி வை, நீதிபதிக்கு அதுதான் வேண்டும், அழுகை வேண்டாம். அன்றைக்குக் கைப்பையை ஒரு முறை கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு, மறந்துபோய் அந்த ரிவால்வரோடு கோர்ட் வாசலுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். விசாரணை எத்தனை மணிக்கு, எத்தனாவது அறை என்று உடனே எழுது. வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்காதே, உள்ளே வந்து பார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோல்பி ஸ்டிட்டம்