அவர் பிணமாக நடித்த வாரம்

மே 18, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து பேருக்குக்கூடக் காற்று இல்லை. தைக்க வேண்டியவை: டீச்சர் ஜாக்கெட் இரண்டு, எதிர்வீட்டு ரம்யா பாவாடை, மகள் யாழினி சுடிதாருக்குக் கை. மெரூன் நூல் தீர்ந்துவிட்டது.

மேலத்தெருவில் சினிமாக்காரர்கள் சாமியானா போட்டிருக்கிறார்கள். சாவு வீட்டுக் கதையாம். செத்தவரை எந்த வாசலிலிருந்து எடுப்பது என்று இரண்டு பங்காளி வீடும் அடித்துக்கொள்கிறார்களாம். சிரிப்புப் படம், ஆனால் கடைசியில் அழ வைக்குமாம். சாவில் என்ன சிரிப்போ.

மத்தியானம் இவர் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து ஓடி வந்தார். முகமெல்லாம் பல். பிணமாக நடிக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம். டைரக்டர் தம்பி (தாடி, ஒல்லி, சென்னை) கடைக்குப் போனபோது இவர் பெஞ்சில் படுத்துத் தூங்கியிருக்கிறார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லையாம். "சார், நீங்கதான் எனக்கு வேணும்" என்று எழுப்பினானாம்.

"இத்தன வருசமா நீயும் எழுப்பற. ஒரு நாளாவது இப்படிச் சொல்லி எழுப்பிருக்கியா?"

கூடவே கூடாது என்றேன். பெண்ணுக்கு நிச்சயம் வைத்திருக்கிற வீடு.

மே 19, செவ்வாய்

நேற்று முழுக்கக் கூடாது, இன்று காலையும் கூடாது. சாயங்காலம் ஜாங்கிரி வாங்கி வந்தார். இந்த மனுஷனிடம் கோபத்தைக் கையில் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை. சரி என்று தொலைத்தேன்.

பெரம்பலூரிலிருந்து யாழினி போன். ஆஸ்பத்திரியில் டூட்டி மாற்றிவிட்டார்களாம், ஞாயிறு வர முடியாது. பிறகு பாடாலூரிலிருந்து சம்பந்தி அம்மா. "நிச்சயத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டோட வந்துருவாரில்லங்க? எங்க பக்கத்துல அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

வந்துருவான் என்றேன். பொய்.

குமரேசன் என் ஒரே தம்பி. மீன்சுருட்டியில் இருக்கிறான். கடன் வாங்கி வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் அத்தனை பேர் நடுவில் இவர் கேட்டார்: "ஏன் மச்சான், பெயிண்டுதான் அடிச்சியா, ரோஸ்மில்க்க ஊத்திட்டியா?" பந்தியே சிரித்தது. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த குமரேசன் வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அன்றோடு பேச்சில்லை. என்னிடமும்தான். நான்கு பொங்கல் போய்விட்டது.

தாய்மாமன் இல்லாமல் யாழினியை எப்படி மணையில் உட்கார வைப்பேன்? மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் சொல்லட்டும். என் மகளுக்கு மாலை போட என் தம்பி வேண்டும். அவ்வளவுதான்.

மே 21, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் இவருக்கு முகத்தில் மாவு, மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டு, கழுத்தில் மாலை. பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். இவர் ஒரு கண்ணைத் திறந்து, "காப்பி கெடைக்குமா?" என்றார். ரம்யா சிரித்துக்கொண்டே ஒரு போட்டோ எடுத்தாள். அதை அழுகை பொம்மை போட்டு ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். எனக்கு அப்போது தெரியாது.

படம் பிடிக்கும்போது மணி அடித்தால் வீணாகுமாம். எல்லார் போனையும் அணைத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதையும்.

ஸ்டேட்டஸ் எப்படியோ மீன்சுருட்டி போயிருக்கிறது. குமரேசன் எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான். போன் அணைந்திருக்கிறது. இவர் போனும் அப்படியே. உறுதி என்று நினைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். சென்னை நடிகை, பெண்டாட்டி வேஷம், அழுதுகொண்டிருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு குமரேசன். ஒரு கையில் மாலை, ஒரு கையில் மஞ்சப்பை. காலில் செருப்பில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் இவர் நெஞ்சில் விழுந்தான்.

"மாமா! ஒரு சொல்லுக்காவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சேனே மாமா! எந்திரிச்சு இன்னொரு தடவ கிண்டல் பண்ணுங்க மாமா!"

ஊர்க்காரர் யாரோ நடிக்கிறார் என்று டைரக்டர் தம்பிக்கு நினைப்பு. யாரும் அசையாதீர்கள் என்று கையைத் தூக்கிவிட்டான். நான் ஓடப் பார்த்தேன், ஒரு பெண் தோளைப் பிடித்து நிறுத்தினாள். நடிகை அழ மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் இவர் கால்விரல் நடுங்கியது. பிறகு கண்ணோரம் தண்ணீர், மாவில் கோடு போட்டு இறங்கியது. அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அழாதடா மச்சான். நான் இருக்கேன்டா."

குமரேசன் ஒரே கத்தாகக் கத்திப் பின்னால் சாய்ந்தான். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கேமராவைப் பார்த்தான், லைட்டைப் பார்த்தான், அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சாவுலயுமா மாமா?"

அவ்வளவுதான் கேட்டான். திரும்பி நடந்தான். இவர் கட்டிய காலோடு குதித்துப் பின்னால் போனார், இரண்டு குதியில் விழுந்தார். அதற்கும் சிரிப்பு. நான் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். ஜெயங்கொண்டம் பஸ் கிளம்பிவிட்டது.

மே 22, வெள்ளி

தையல் ஒன்றும் ஓடவில்லை. ரம்யா வந்து அழுதாள். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

மஞ்சப்பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து தம்பி கொண்டுவரும் கோடிச் சேலை. தொடவே பயம். வெள்ளையோ சந்தனமோ என்று நினைத்துப் பிரித்தேன். இலைப்பச்சை. கடுகு நிறத்தில் பார்டர், மாங்காய்ச் சரிகை. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எனக்குப் பிடித்த பச்சை. மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன்.

சாயங்காலம் டைரக்டர் தம்பி. மொத்தப் படத்திலும் அதுதான் உயிரான காட்சியாம், சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"தம்பி, அது நடிப்பு இல்ல. என் தம்பியோட அழுவ."

"அதனாலதாங்கக்கா கேக்கறேன். அவர் சம்மதிக்காம வைக்க மாட்டேன்."

நல்ல பையன்தான். அட்ரஸ் கேட்டான். கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று இப்போது இருக்கிறது.

மே 24, ஞாயிறு

தாம்பூலத்தட்டோடு மீன்சுருட்டி. பஸ்ஸில் இவரிடம் சத்தியம் வாங்கினேன், கிண்டல் கூடாது. தலையை ஆட்டினார்.

தம்பி பெண்டாட்டி மலர் கதவைத் திறந்தாள். தண்ணீர் கொடுத்தாள். குமரேசன் உள்ளறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. இவர் கதவுக்கு முன்னால் நின்று, கதவிடமே பேசினார்.

"மச்சான், வூடு அழகா இருக்கு. அன்னைக்கே அழகாத்தான் இருந்துச்சு. என் நாக்குல சனி. சாமி சத்தியமா நீ வருவன்னு எனக்குத் தெரியாதுடா."

கதவு திறக்கவில்லை.

மலர் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள். "ஜெயங்கொண்டத்துல எதுக்குச் சேலன்னு கடைக்காரர் கேட்டாராங்க அண்ணி. கோடிக்குன்னு சொல்ல இவருக்கு வாயி வரலயாம். எங்க அக்காவுக்கு, நல்லதாக் குடுங்கன்னு சொன்னாராம்."

தட்டை அந்த அறை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தோம். எங்கள் திருமானூர் வரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் சில்லறைக்குக் கத்தியபோதும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மே 27, புதன்

விடிகாலை தூறல். மண் நனையக்கூட இல்லை. டீச்சர் ஜாக்கெட் முடித்தாயிற்று, கொக்கி மட்டும் பாக்கி.

ஏழு மணிக்குப் போன். குமரேசன் பெயர். எடுக்கவே கை வரவில்லை.

"அக்கா."

"சொல்லுடா."

"அந்தத் தாடிக்காரத் தம்பி நேத்து வந்திருந்தான். எடுத்தத போன்ல காட்டுனான்."

"போடக்கூடாதுன்னு சொல்லிட்டியா?"

"போட்டுக்கன்னு சொல்லிட்டேன். ஆனா மாமா எந்திரிச்சு உக்கார்றத வெட்டக்கூடாதுன்னேன். கதைக்கு ஒத்துவராதுங்கறான். அப்ப கதைய மாத்திக்கன்னேன்." மூக்கை உறிஞ்சினான். "படம் பாக்கறவன் ஒருத்தன்கூட எங்க மாமா செத்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டு வூட்டுக்குப் போவக்கூடாதுக்கா."

பிறகு அவனே தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி, மாமாகிட்ட குடு. நிச்சயத்துக்குத் தட்டு எத்தனன்னு கேக்கணும்."

கொடுத்தேன். இவர் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர். வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. தட்டு எத்தனை மாமா, எத்தனை மாமா என்று அங்கே அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.