இடது கையால் ஆசீர்வதிக்கும் புனிதர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

இங்கே ஆன்ட்வெர்ப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை. எங்கள் அருங்காட்சியகத்தின் பழைய பலிபீட ஓவியம் ஒன்றில் புனிதர் இடது கையால் ஆசீர்வதிக்கிறார். ஆசீர்வாதம் வலது கையால்தானே? நம் இத்தாலிய ஓவியம் ஒன்றை யாரோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டபோது, படம் இடவலமாக மாறிவிட்டது. அந்த அச்சுத் தாளைப் பார்த்து இந்த ஊர் ஓவியர் அப்படியே வரைந்துவிட்டார். இதைக் கண்டுபிடித்தது நான். முதலில் சொன்னது, என்னுடன் வேலை பார்த்து என்னுடனே தங்கியிருக்கும் க்ரீட்டிடம்.

இன்று அருங்காட்சியகத்தின் காலைக் கூட்டத்தில் அவள் எழுந்து, தானே கண்டுபிடித்ததாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும், "நாலு பேர் முன்னாடி உனக்குத்தான் பேச்சே வராதேடி. நானாவது சொன்னேனே," என்று சிரித்தாள்.

ஆனால் அருங்காட்சியகத் தலைவர் அவளிடம், "அந்த ஓவியன் எந்த அச்சைப் பார்த்து வரைஞ்சான்? நாளைக்குக் கொண்டு வாம்மா," என்று கேட்டிருக்கிறார். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

நீங்கள் காயவைத்த சிவப்பு மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். தடித்த காலுறையும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

கதவு தட்டப்படுகிறது. "ஓர்னெல்லா, சூப் கொண்டாந்திருக்கேன், திறடி," என்கிறாள். இதற்கு முன் அவள் எனக்கு சூப் கொண்டுவந்ததில்லை. பசியில்லை என்று சொல்லப் போகிறேன். அந்த அச்சை நாளை நானே தலைவர் மேஜையில் வைப்பேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

அவசரத்தில் முடிக்கிறேன்,
உங்கள் ஓர்னெல்லா